வயிறு நிறைந்த பிறகு சொல்ல வேண்டிய ஸ்தோத்திரம்

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைக் குலை (பாமாயில் எடுக்கும் பழக்குலை) ஏற்றும் லோரி வைத்துத் தொழில் செய்கிற ஒரு தம்பி எழுதிக் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்தில் குலை வெட்டியவர். மகன் கடனில் ஒரு பழைய லோரி எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, தவணை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் நின்றபோது ராத்திரி தவறாமல் முழங்காலில் நின்று அழுது ஜெபித்திருக்கிறார். இப்போது லோரி ஐந்து, ஆறாவதற்குப் பேங்கில் பேசிக்கொண்டிருக்கிறார், தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இரண்டு மாடி வீடு, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஜெபம் மட்டும் போய்விட்டது. "வேணும்னு விடலைங்க ஐயா, எப்போ விட்டேன்னே தெரியலை" என்கிறார். ஞாயிறு ஆராதனைக்குக் கூட இரண்டு வாரம் வந்தால் ஒரு வாரம் வருவதில்லை. அவர் கேட்பது மூன்று: இது பின்மாற்றமா (விசுவாசத்தை விட்டு விலகிப் போவதா), இப்படியே இருந்தால் கர்த்தர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா, சபைக் கட்டட நிதிக்குப் பெரிய தொகை ஒன்று கொடுத்துவிட்டால் இந்த உறுத்தல் போகுமா.

தம்பி, நீங்கள் அழுகையை வைத்து அளக்கிறீர்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஜெபிக்காதவன் யார்? சாமியே கும்பிடாதவன்கூட அந்த நேரத்தில் கடவுளே என்றுதான் கத்துவான். அப்போது வந்த கண்ணீர் உண்மையான கண்ணீர்தான், கர்த்தர் கேட்டார் என்றும் நம்புகிறேன், ஆனால் அந்தக் கண்ணீர் நின்றுபோனதாலேயே நீங்கள் கர்த்தரை விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் நின்றது, அழுகையும் நின்றது, அவ்வளவுதான். பின்மாற்றமா என்று பார்க்க நான் வேறு இடத்தில் பார்ப்பேன். எந்த இடம் என்று வேதமே காட்டுகிறது.

உபாகமம் எட்டாம் அதிகாரத்தை இன்று ராத்திரி ஒரு தடவை மெதுவாக வாசியுங்கள். இருபது வசனம்தான். மோசே மோவாப் நாட்டில், யோர்தானுக்கு இந்தக் கரையில் நின்று பேசுகிறார். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் மன்னா தின்று, கன்மலையிலிருந்து வந்த தண்ணீரைக் குடித்து வந்த ஜனம் எதிரில் நிற்கிறது. அடுத்த கரையில் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவ எண்ணெய், தேன், மலையை வெட்டினால் செம்பு. அந்தக் கரையில் மதில் சூழ்ந்த பட்டணங்களும் பலத்த எதிரிகளும் உண்டு, ஆனால் இந்த அதிகாரத்தில் மோசே அவர்களைப் பற்றிப் பயப்படவே இல்லை. அவர் பயப்படுவது நல்ல வீடு கட்டிக் குடியிருக்கப் போகிற நாளுக்கு, ஆடுமாடு பெருகி வெள்ளியும் பொன்னும் சேரப் போகிற நாளுக்கு. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று நம் ஊரில் சொல்வார்களே, அதைக் கர்த்தரிடமே செய்துவிடாதீர்கள் என்கிறார். ஆற்றங்கரையில் நின்றே சொல்கிறார், அவர் அந்த ஆற்றைக் கடக்கப் போவதும் இல்லை.

அந்த அதிகாரத்தின் பதினொன்றாம் வசனத்தைக் கவனியுங்கள். கர்த்தரை மறப்பது என்றால் என்ன என்று அங்கேயே இருக்கிறது. அவருடைய கற்பனைகளையும் நியாயங்களையும் கட்டளைகளையும் கைக்கொள்ளாமல் போவது, அதைத்தான் மறதி என்கிறார் மோசே. மனசு உருகவில்லை, ஆராதனையில் மயிர் கூச்செறியவில்லை என்பதை அவர் எங்கேயும் மறதி என்று சொல்லவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதலும் பெரிய பயமும். ஆறுதல் ஏன் என்றால், வறண்டுபோன மனசோடும் ஒருவன் கர்த்தரை நினைக்க முடியும், கீழ்ப்படிவதன் மூலமாக. பயம் ஏன் என்றால், நன்றாக உருகி அழுது பாடுகிற ஒருவன் திங்கட்கிழமை காலையில் அவரைச் சுத்தமாக மறந்தவனாக இருக்கவும் முடியும்.

செழிப்பில் வருகிற இந்த மறதியைப் பற்றி நம் தமிழிலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது, குறளில் பொச்சாவாமை. "இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு" என்று அது தொடங்குகிறது. அளவு மீறிய கோபத்தைவிட, பெரிய சந்தோஷத்தில் வருகிற மறதி மோசமானது. கோபக்காரனை நாலு பேர் பிடித்து நிறுத்துவார்கள். நல்லா இருக்கிறவனை யார் போய் நிறுத்துவது?

சரி, ஜெபத்துக்கு வருவோம், அதைத்தான் முதலில் கேட்டீர்கள். அதே எட்டாம் அதிகாரம், பத்தாம் வசனம்: நீ சாப்பிட்டுத் திருப்தியான பிறகு, கர்த்தர் கொடுத்த நல்ல தேசத்துக்காக அவரை ஸ்தோத்திரி என்கிறது. யூதர்கள் இன்றைக்கும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு நீண்ட ஸ்தோத்திரம் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் இந்த வசனம்தான். நாம் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிறோம். நல்ல பழக்கம், இயேசுவும் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணித்தான் பிட்டார். ஆனால் பசியோடு சொல்கிற ஸ்தோத்திரம் சுலபம், சோறு எதிரில் ஆவி பறக்க இருக்கிறது, பசியே நம்மைச் சொல்ல வைக்கும். வயிறு நிறைந்து, விரல் தானாகக் கைப்பேசியைத் தேடுகிற நேரத்தில் சொல்வதுதான் மனசு வைத்துச் சொல்வது. எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார், ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடேயே முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே ஒரு நிமிஷம் பேசுவார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். யார் வீட்டில் சாப்பிட்டாலும் அப்படித்தான், கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான், பக்கத்து இலைக்காரர் எழுந்து போனாலும் அவர் எழமாட்டார்.

இதை உங்கள் தொழிலுக்குள் கொண்டு வாருங்கள். ஆலையில் லோரி எடைமேடையில் ஏறி, குலையைத் தரம் பார்க்கிறவர் கம்பியால் நாலு குலையைப் புரட்டிப் பார்த்து, பழுக்காததுக்கு இவ்வளவு கழிவு என்று எழுதி, கடைசியில் நிகர எடை போட்ட சீட்டு உங்கள் கைக்கு வருகிறது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறீர்களே, அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும், "ஆண்டவரே, இதுவும் உம்மிடத்திலிருந்து வந்தது." ஒரு மணி நேர ஜெபத்தை நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள், மூன்றாம் நாள் நின்றுவிடும், பிறகு அந்தக் குற்ற உணர்ச்சியே உங்களை இன்னும் தூரமாகக் கொண்டு போகும். சாப்பிட்ட பிறகு ஒன்று, சீட்டு கைக்கு வரும்போது ஒன்று. இதிலிருந்து தொடங்குங்கள். நீண்ட ஜெபம் தானாக வரும்.

ஏன் சீட்டு என்று குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், மறதி உள்ளே நுழைகிற கதவு அதுதான். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது என்று நீ உன் இருதயத்தில் சொல்லிக்கொள்வாய் என்று பதினேழாம் வசனம் எச்சரிக்கிறது. வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, வாய் எப்போதும் "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றுதான் சொல்லும், அது நமக்குப் பழகிய பேச்சு. உள்ளே சொல்லிக்கொள்வதுதான் பிரச்சினை. 2022-ஐ யோசித்துப் பாருங்கள். மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தாண்டியது. உக்ரைனில் போர் வந்து சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியையே கொஞ்ச நாள் நிறுத்தியது. அதில் எது உங்கள் சாமர்த்தியம்? அதே வருஷம் செப்டம்பர் கடைசிக்குள் விலை அந்த உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்து நின்றது. அதிலும் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. விலை ஏறியபோது தங்களைத் தொழிலில் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர், இறங்கியபோது மட்டும் அது உலகச் சந்தை நிலவரம் ஆகிவிட்டது.

அதற்காக உங்கள் உழைப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை, மோசேயும் சொல்லவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டயர் பார்த்தது நீங்கள்தான். ஓட்டுநர் வராத நாளில் மழையில் சேறு மிதித்துக் குலை ஏற்றியதும் நீங்கள்தான். பதினெட்டாம் வசனம் அந்தக் கையை இல்லை என்று சொல்லாமல், ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிறதற்கான பெலனைக் கொடுக்கிறவர் அவரே என்கிறது. முதுகு வலிக்காமல் எழ முடிகிறதே, அது. கண் தெரிகிறதே, அது. உங்களோடு லோரி ஓட்ட ஆரம்பித்து, உங்களைப் போலவே உழைத்து, இன்றைக்கு சர்க்கரை நோயில் காலை இழந்து வீட்டில் இருக்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். அவருக்கு சாமர்த்தியம் இல்லையா?

இன்னொன்று, உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது: நீ கட்டாத பட்டணங்கள், நீ நிரப்பாத வீடுகள், நீ வெட்டாத துரவுகள், நீ நடாத திராட்சத்தோட்டங்கள் உனக்குக் கிடைக்கும், அப்போது மறந்துவிடாதே. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தோட்டங்கள்தான் ஞாபகம் வரும். செம்பனை நட்டு மூன்று வருஷம் போலக் காத்திருந்தால்தான் காய்க்கும், ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் வரைக்கும் வெட்டுவார்கள். நீங்கள் இன்று ஏற்றுகிற குலை, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் யாரோ குழி வெட்டி நட்ட கன்றின் குலை. அதற்கும் முன்னால் அந்த மண்ணில் ரப்பர் இருந்தது, அதற்கும் முன்னால் காடு. 1917-இல் கோலசிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார்கள், இந்த நாட்டின் செம்பனைத் தொழில் அங்கே ஆரம்பித்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, அட்டை கடித்தும் மலேரியாவிலும் செத்தவர்கள் திருத்திய நிலம் இது. அதில் பல பேர் 1942-க்குப் பிறகு சயாம் மரண ரயில் போட ஜப்பான்காரனால் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார், பால் மரம் வெட்டினவர்கள் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். அப்படி இருக்க, நாம் எதை "நானே சம்பாதித்தது" என்று சொல்வது?

அப்புறம் உசியா ராஜா. செழிப்பைப் பற்றிக் கேட்கிற எவரையும் நான் இரண்டாம் நாளாகமம் இருபத்தாறாம் அதிகாரத்துக்கு அனுப்பாமல் விடுவதில்லை, ஏனென்றால் அவர் கதையை நம் சபைகளில் சரியாகப் பிரசங்கிப்பது குறைவு. பதினாறு வயதில் ராஜாவானவர், எருசலேமில் ஐம்பத்திரண்டு வருஷம் அரசாண்டார். கோபுரம் கட்டினார், வனாந்தரத்தில் துரவு வெட்டினார், மலையில் திராட்சத்தோட்டக்காரரை வைத்தார். வெள்ளாண்மையில் பிரியமுள்ளவர் என்றே எழுதியிருக்கிறது. நம் ஊருக்கு வந்திருந்தால் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்திருப்பார். அவர் கர்த்தரைத் தேடின நாளெல்லாம் கர்த்தர் அவருடைய காரியங்களை வாய்க்கப் பண்ணினார். பலப்பட்டபோது மனம் மேட்டிமையானது. அந்த மேட்டிமை எங்கே வெளிப்பட்டது என்று பாருங்கள்: சூதாட்டத்தில் இல்லை, குடியில் இல்லை, ஆலயத்துக்கு உள்ளே. தூபகலசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆசாரியர் மட்டும் செய்ய வேண்டிய தூபத்தைத் தானே காட்டப் போனார். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு எண்பது பேரும் உள்ளே போய், "இது உமக்கு அடுத்ததல்ல" என்று தடுத்தார்கள். ராஜாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே நெற்றியில் குஷ்டம் தோன்றியது, சாகிற நாள் வரைக்கும் தனி வீட்டில் இருந்தார்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, உசியா கோவிலுக்குப் போவதை நிறுத்தவே இல்லை என்பதுதான். ஜெபத்தைவிட அதிகமாகவே செய்ய முயன்றார். போய்விட்டது ஒன்றுதான், வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கேட்கிற மனசு. நம் சபைகளிலும் தொழிலில் உயர்ந்தவர்களுக்கு இதுதான் நடக்கிறது. ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார், நாற்காலி வாங்கிக் கொடுத்தார், பளிங்கில் பெயர் பதித்தார்கள், அதற்குப் பிறகு கமிட்டியில் அவர் சொல்வதை மறுக்க யாருக்கும் வாய் வராது. போதகருக்கும் வராது. பாவம், அவருக்கு வீட்டு வாடகையே அந்தக் கையிலிருந்துதான் வருகிறது. தம்பி, உங்களிடம் "இது உமக்கு அடுத்ததல்ல" என்று சொல்லக்கூடியவர் இப்போது யாராவது இருக்கிறார்களா? மனைவியைத் தவிர்த்துச் சொல்லுங்கள். பழைய காலத்து நண்பர் ஒருவர், உங்கள் பணத்தால் அவருக்கு ஒரு காசும் ஆக வேண்டியதில்லை என்ற நிலையில் இருப்பவர், அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு தடவையாவது கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, தொழிலில் என்ன செய்கிறீர்கள், யாருக்கு என்ன கொடுத்தீர்கள், எங்கே ஏமாற்றினீர்கள் என்று கேட்க விடுங்கள். உண்மையில் சொல்கிறேன், உங்கள் ஜெபம் திரும்பி வருவதற்கு இது பெரிய உதவியாக இருக்கும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். கற்பனைகளைக் கைக்கொள்வதுதான் நினைவு என்றால், எந்தக் கற்பனை? விபசாரம் செய்யவில்லை, குடிக்கவில்லை, அதனால் சரிதான் என்று முடித்துவிட முடியாது. உபாகமத்தைத் தொடர்ந்து வாசித்தால், வசதியானவனுக்கு என்றே எழுதியதுபோல் சில சட்டங்கள் இருபத்து நான்காம் அதிகாரத்தில் வரும். ஏழையான கூலிக்காரனை ஒடுக்காதே, அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊரில் இருக்கிற அந்நியனானாலும் சரி. பொழுது போவதற்குள் அன்றைய கூலியைக் கொடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான், அவன் உன்மேல் கர்த்தரிடத்தில் முறையிட்டால் அது உனக்குப் பாவம். வயலில் ஒரு அரிக்கட்டை மறந்து விட்டால் எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவ மரத்தை உதிர்த்த பிறகு கொம்பு கொம்பாக இரண்டாம் தடவை தட்டாதே, அது அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை. கர்த்தரை நினைப்பதும் நம் பழைய நிலையை நினைப்பதும் அங்கே ஒன்றாகவே போகிறது.

நம் தாத்தாக்கள் அந்நியராக வந்தவர்கள். வேலை வாங்குகிற தண்டல் அடித்தான், கணக்கு எழுதுகிற கிராணி ஏமாற்றினான், துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும், இதையெல்லாம் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தோம். இன்று உங்கள் லோரியில் குலை ஏற்றுகிறவர் பங்களாதேஷிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ வந்திருக்கிறார். "பங்களா" என்று கூப்பிடுகிறோமே, அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. உங்களிடம் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரும், ஊரில் எத்தனை பிள்ளைகள் என்பதும் உங்களுக்குத் தெரியுமா? அவர் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது? ஓடிப்போய்விடுவான் என்று முதலாளி தன் அலமாரியில் பூட்டி வைப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது, 1966-ஆம் வருஷத்துக் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது குற்றம், அதைவிட முக்கியமாக, உபாகமத்தின்படி அது ஒடுக்குதல். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆகஸ்டிலிருந்து. சம்பளத் துண்டில் அந்த எண் இருந்து, அப்புறம் லெவி (வெளிநாட்டு ஆளுக்கு அரசுக்குக் கட்டுகிற வரி), தங்குமிடம், முன்பணம் என்று கழித்துக் கையில் கொடுப்பது வேறாக இருந்தால், அதை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். சொக்சோவில் (தொழிலாளர் சமூகக் காப்புறுதியில்) பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், குலை முதுகில் விழுந்தால் ஒருவன் வாழ்க்கை முடிந்தது.

ஓய்வுநாளையும் சொல்ல வேண்டும். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை, உன் வேலைக்காரனும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும் என்கிறது. வெட்டின குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் சனிக்கிழமை வெட்டின பழத்தை ஞாயிறு ஏற்றாதே என்று நான் சொல்லவில்லை. முறை வைத்து ஆளை மாற்றலாம், மாற்றினால் உங்கள் லாபம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைகிற பணம்தான் கீழ்ப்படிதல். நீங்கள் வெள்ளை சட்டை போட்டு ஆராதனையில் இருக்கும்போது, வாரம் முழுக்க ஓய்வே இல்லாமல் உங்கள் ஓட்டுநர் ஒருவர் தெலுக் இந்தான் சாலையில் கண் சொக்கி ஓட்டிக்கொண்டிருந்தால், உங்கள் ஆராதனை ஓய்வுநாள் ஆசரிப்பு ஆகாது.

செழிப்பில் கர்த்தரை நினைத்தவர் யாருமே இல்லையா என்றால் இருக்கிறார், யோபு. யோபுவை நாம் கஷ்டத்துக்கு மட்டும் வாசிக்கிறோம். முதல் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனம் முழுக்க அவருடைய நல்ல காலம். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐந்நூறு ஏர்மாடு. பிள்ளைகள் முறை வைத்து விருந்து செய்வார்கள், விருந்து முறை முடிந்ததும் யோபு விடியற்காலையில் எழுந்து, ஒருவேளை பிள்ளைகள் இருதயத்தில் தேவனைத் தூஷித்திருப்பார்களோ என்று அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்துவார். விருந்துக்குப் பிறகு, பாருங்கள். அப்புறம் முப்பத்தோராம் அதிகாரத்தில் தன் நல்ல காலத்துக்கு அவரே கணக்குக் கொடுக்கிறார். என் வேலைக்காரனும் வேலைக்காரியும் என்னோடு வழக்காடினபோது அவர்கள் நியாயத்தை நான் அசட்டை பண்ணியிருந்தால், தேவன் எழும்பும்போது நான் என்ன செய்வேன், கர்ப்பத்தில் என்னை உண்டாக்கினவர் அவனையும் உண்டாக்கினார் அல்லவோ என்கிறார். அவ்வளவு மந்தையும் வேலையாட்களும் வைத்திருந்த ஒரு முதலாளி இப்படிப் பேசுகிறார்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. முதற்பலன் கூடையை ஆலயத்துக்குக் கொண்டு வருகிறவன் அதைச் சும்மா வைத்துவிட்டுப் போகக்கூடாது, உபாகமம் இருபத்தாறின்படி வாய் திறந்து தன் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும்: என் தகப்பன் திக்கில்லாமல் அலைந்தவன், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போனான், எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இதோ இந்தப் பழம். பல தலைமுறை தாண்டி, எகிப்தைக் கண்ணால் பார்க்காதவனும் "எங்களை" என்றே சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு லயம் தெரியாது. குளிரூட்டி அறையில் பிறந்தவர்கள். இந்த விடுமுறையில் அவர்களை அழைத்துக்கொண்டு உங்கள் அப்பா குலை வெட்டின தோட்டத்துக்குப் போய், லயம் இருந்த இடம், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களம், தண்ணீர்ப் பீப்பாய் வைத்த இடம் என்று காட்டி, இந்த வீடு எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அப்பா உயிரோடு இருந்தால் அவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி, கர்த்தர் எடுத்துக்கொள்வாரா. எடுக்க அவருக்கு உரிமை உண்டு, எட்டாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனமும் கடுமையானவை, அதை மழுப்பி நான் உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் செழிப்பு இருக்கிறவரைக்கும் கர்த்தர் பிரியமாயிருக்கிறார், போனால் கோபமாயிருக்கிறார் என்று மேடைக்கு மேடை சொல்கிற உபதேசத்தை நம்பாதீர்கள். யோபுவுக்கு எல்லாம் போனது, கர்த்தர் கோபமாக இல்லை. ஐசுவரியவான் ஒருவனுக்கு இயேசுவின் உவமையில் நிலம் நன்றாக விளைந்தது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் போனான், அந்த ராத்திரியே ஆத்துமா கேட்கப்பட்டது. லோரி போய்விடுமோ என்ற பயத்தில் ஜெபிக்க ஆரம்பித்தால், 2020-இல் நின்ற இடத்துக்கே திரும்பிப் போகிறீர்கள், பயம் தணிந்ததும் ஜெபமும் நின்றுவிடும். ஆறாவது லோரிக்குக் கையெழுத்துப் போடும் முன், நீதிமொழிகள் முப்பதில் ஆகூர் செய்த ஜெபத்தைச் செய்து பாருங்கள். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை எனக்கு அளந்து கொடும், நான் நிறைந்துபோய் கர்த்தர் யார் என்று மறுதலித்துவிடாதபடிக்கு என்று கேட்டவர் அவர். அதை மனசாரச் சொல்ல முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். தொண்டையில் நின்றால், இந்த மாதம் போட வேண்டாம்.

மூன்றாவது, கட்டட நிதி. கொடுங்கள், சபைக்கு மண்டபம் தேவைதான், மழைக்காலத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் நனைகிறார்கள். ஆனால் பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொல்லியிருக்கிறார். அதனால் இந்த மாதச் சம்பளக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, ஓட்டுநர்களுக்கும் குலை ஏற்றுகிறவர்களுக்கும் கூடுதல் நேரக் காசு, விடுமுறை நாள் காசு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று உங்கள் கிராணியோடு உட்கார்ந்து பாருங்கள், நின்றுபோனவர்களுக்கும் சேர்த்து. பூட்டி வைத்த கடவுச்சீட்டு இருந்தால் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். எல்லாம் கொடுத்து முடித்த பிறகு மிச்சத்தில் எவ்வளவு மனசு வருகிறதோ அதைச் சபைக்குக் கொண்டு வாருங்கள், தொகை நீங்கள் முதலில் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பளிங்கில் பெயர் வேண்டாம் என்று பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.